60-ஆ, 120-ஆ? வெளிக்கோணம் நிஜமா எங்கே இருக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்கத் தோதாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எடுத்துக்கப்போறது பள்ளிக்கூடத்து வடிவியல்ல வர்ற ஒரே ஒரு வரி: "ஒரு பலகோணத்தின் வெளிக்கோணங்களின் கூடுதல் 360 டிகிரி." நம்மில் பெரும்பாலானவங்க இதை மனப்பாடம் பண்ணி, ரெண்டு மார்க் வாங்கி, மறந்துட்டோம். ஆனா ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற தொழிற்சாலைகள்ல இந்த ஒரு வரி தினமும் வேலை செய்யுது. தப்பாப் புரிஞ்சா இரும்பு வீணாகும், காசு வீணாகும், சில சமயம் ஒரு பையனோட தன்னம்பிக்கையும் போயிடும்.

கடைசியாச் சொன்னது சும்மா சொல்லலை. நம்ம நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஐடிஐ முடிச்சிட்டு, ஒரகடம் பக்கத்துல ஒரு ஷீட் மெட்டல் யூனிட்ல அப்ரண்டிஸா இருக்கார். அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, டிராயிங்ல 60-ன்னு போட்டிருந்துச்சு. நானும் மெஷின்ல 60-ன்னுதான் அடிச்சேன். பீஸ் எல்லாம் ஸ்கிராப் ஆயிடுச்சு. 60-ஐ 60-ன்னு போட்டா எப்படிண்ணா தப்பாகும்? எனக்குக் கணக்கே வராதுன்னு சூப்பர்வைசர் சொல்றார்."

தம்பி, உங்களுக்குக் கணக்கு வரும். ஒவ்வொரு மூலைக்கும் ரெண்டு கோணம் இருக்குன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலை, அவ்வளவுதான். அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

பேர்லயே ஒரு சிக்கல்

ஒரு சமபக்க முக்கோணம் வரைங்க. ஒவ்வொரு மூலையும் உள்ளுக்குள்ள 60 டிகிரி. இப்போ பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க: "இந்த மூலையோட வெளிக்கோணம் எவ்வளவு?" நிறைய பேர் 300-ன்னு சொல்வாங்க. முழுசு 360, உள்ளே 60 போச்சு, வெளியே மிச்சம் 300. ரொம்ப நியாயமான பதில். "வெளி"ன்னா வெளிப்பக்கம் இருக்கிறதுதானே?

ஆனா பாடப்புத்தகத்துப் பதில் 120. வெளியே இருக்கிற அந்த 300-க்குப் பின்வளைக் கோணம்னு வேற பேர். வெளிக்கோணத்தை இப்படி வரைவோம்: முக்கோணத்தோட ஒரு பக்கத்தை மூலையைத் தாண்டி நேரா நீட்டணும். நீட்டின கோட்டுக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவுல இருக்கிறதுதான் வெளிக்கோணம். அதனால 180-ல இருந்து 60 கழிச்சு, 120. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள்ல இதைப் புறக்கோணம்னு சொல்றாங்க. அங்கேயும் அதே "வெளியே" என்கிற அர்த்தம்தான், அதே குழப்பம்தான்.

எதுக்குப் பக்கத்தை நீட்டணும்? அங்கேதான் விஷயமே இருக்கு. ஒரு பக்கம் வழியா நீங்க நடந்து வர்றீங்கன்னு வெச்சுக்கோங்க. மூலை வருது. நீங்க திரும்பாமலே போயிருந்தா எங்கே போயிருப்பீங்க? அந்த நீட்டின கோட்டுல. ஆனா திரும்பி அடுத்த பக்கத்துல போறீங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோணம், நீங்க எவ்வளவு திரும்பினீங்க என்கிறது. வெளிக்கோணம்னா திரும்பின அளவு. இந்த எபிசோடுல இருந்து ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

தேர் நிலைக்கு வர்ற கணக்கு

திரும்பின அளவுன்னு எடுத்துக்கிட்டா, அந்த 360 எங்கேயிருந்து வருதுன்னு நிரூபணம் இல்லாமலே தெரிஞ்சிடும்.

கோயில் தேர் மாடவீதியைச் சுத்துறதை நினைச்சுப் பாருங்க. ஒரு வீதியோட நடுவுல, கிழக்குப் பார்த்துக் கிளம்புதுன்னு வெச்சுக்குவோம். மூலைக்கு மூலை முட்டுக்கட்டை போட்டு, வடத்தை இழுத்து, கஷ்டப்பட்டுத் திருப்புறாங்க. நாலு மூலை முடிஞ்சு, கிளம்பின இடத்துக்கே, கிழக்குப் பார்த்தே வந்து நிக்குது. கிழக்குல ஆரம்பிச்சு தெற்கு, மேற்கு, வடக்குன்னு போய் மறுபடி கிழக்கு. ஒரு முழுச் சுத்து. அதாவது 360.

நம்ம ஊர் வீதிகள் கச்சிதமான செவ்வகமா இருக்கணும்னு இல்லை. ஒரு மூலையில 85 டிகிரி திரும்பியிருக்கலாம், இன்னொண்ணுல 97. அப்படி இருந்தா மத்த மூலைங்க அதை ஈடுகட்டியே ஆகணும். ஈடுகட்டலைன்னா தேர் கிளம்பின திசையைப் பார்த்து நிக்காது. வீதி அஞ்சா இருந்தாலும் இதேதான், அம்பதா இருந்தாலும் இதேதான். மூலை கூடக் கூட ஒவ்வொரு மூலையிலும் திரும்புறது குறையும், மொத்தம் மாறாது.

இதுல இருந்து மத்த சூத்திரம் எல்லாம் தானா வரும். எல்லாப் பக்கமும், எல்லாக் கோணமும் சமமா இருந்தா, ஒரு மூலைக்குத் திருப்பம் 360-ஐ மூலைகளோட எண்ணிக்கையால வகுத்தது. ஹெக்ஸ் போல்ட்டோட தலைக்கு ஆறு மூலை, அதனால திருப்பம் 60, உட்கோணம் 120. அதே மாதிரி, எந்தப் பலகோணமா இருந்தாலும் உட்கோணங்களோட கூடுதலுக்குத் தனியா மனப்பாடம் வேண்டாம். ஒரு மூலைக்கு 180 வீதம் எல்லாத்தையும் கூட்டி, அதுல 360-ஐக் கழிச்சிடுங்க. ஐங்கோணத்துக்கு 900-ல 360 போக 540. முடிஞ்சது.

இப்போ அந்த 60-க்கு வருவோம்

ஷீட் மெட்டல் யூனிட்ல பென்டிங் மெஷின், அதாவது பிரஸ் பிரேக், என்ன பண்ணுது? தட்டையான தகட்டை ஒரு அச்சு மேல வெச்சு, மேலே இருந்து ஒரு பஞ்ச் அழுத்தி மடக்குது. தட்டையா இருக்கும்போது தகடு 180 டிகிரி. அதை 60 டிகிரி மடக்கினா, மடிப்புக்கு உள்ளே மிஞ்சுறது 120. உள்ளே 60 வேணும்னா 120 டிகிரி மடக்கணும்.

எவ்வளவு மடக்கினோம் என்கிறது பென்ட் ஆங்கிள். மடக்கின பிறகு உள்ளே எவ்வளவு இருக்கு என்கிறது இன்க்லூடட் ஆங்கிள். முதல் விஷயம்தான் நம்ம வெளிக்கோணம், ரெண்டாவதுதான் உட்கோணம். பேர் மட்டும்தான் வேற.

பல கேட் சாஃப்ட்வேர்ல விரிச்ச தகட்டோட படத்துல, மடிப்புக் கோட்டு மேல "அப் 60, ஆர் 3"-ங்கிற மாதிரி ஒரு குறிப்பு வரும். மேல்பக்கமா 60 மடக்கு, உள் ஆரம் 3 மில்லிமீட்டர்னு அர்த்தம். அந்த 60 பொதுவா பென்ட் ஆங்கிள். ஆனா மெஷினோட திரையில கேட்கிற கோணம் பல இடத்துல இன்க்லூடட் ஆங்கிள். அங்கே 60-ன்னு அடிச்சா, மெஷின் சொன்னபடி கேட்டு 120 டிகிரி மடக்கிடும். அகலமா விரிஞ்சு நிக்க வேண்டிய பீஸ், மூக்கு மாதிரிக் கூரா வந்து விழும். நம்ம தம்பி அனுப்பின போட்டோவுல இருந்ததும் அதுதான்.

இது அவருக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. 1967-ல குழந்தைகளுக்காக லோகோன்னு ஒரு கணினி மொழி உருவாச்சு. அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் சீமோர் பேப்பர்ட். திரையில ஒரு ஆமை இருக்கும். "முன்னே 100 போ, வலது பக்கம் இவ்வளவு திரும்பு"ன்னு சொன்னா, அது நடந்த தடம் கோடா விழும். இன்னைக்குப் பைத்தான்ல இருக்கிற டர்ட்டில் அதோட வாரிசுதான். முக்கோணம் வரையச் சொன்னா முதல் தடவை நிறைய பேர் "முன்னே 100, வலது 60"-ன்னு மூணு முறை போடுவாங்க. முக்கோணம் வராது, பாதி அறுகோணம் வரும். ஏன்னா ஆமைக்கு உட்கோணம் தெரியாது, எவ்வளவு திரும்பணும்னுதான் தெரியும். அதுக்கு 120-ன்னு சொல்லணும். 360-ஐ மூணால வகுத்தது. ஆமையும் நம்ம தம்பியும் மாட்டினது ஒரே இடத்துலதான்.

90 டிகிரி பண்ற துரோகம்

ஒரு கேள்வி வரும். அந்தத் தம்பி மாசக்கணக்கா அதே மெஷின்ல வேலை பார்த்தாரே, இவ்வளவு நாள் ஏன் தப்பு வரலை? காரணம் எளிமையானது. பிராக்கெட், பெட்டி, கவர், பேனல்னு வர்றதுல பெரும்பாலானது 90 டிகிரி மடிப்பு. 180-ல 90 போனா 90. பென்ட் ஆங்கிளும் இன்க்லூடட் ஆங்கிளும் ஒரே எண். நீங்க எதை நினைச்சு அடிச்சாலும் பீஸ் சரியா வரும்.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன். எங்க பாஷையில சொன்னா, டெஸ்ட் கேஸ் எல்லாமே 90-ஆ இருந்தா பக் வெளியே தெரியாது. முதல் தடவை 60-ஓ 135-ஓ வரும்போதுதான் வெடிக்கும். அதனால புதுசா ஒரு பையனுக்குச் சொல்லித் தர்றவங்க, முதல் நாளே 90 இல்லாத ஒரு மடிப்பைப் போட்டுக் காட்டணும். வேஸ்ட் தகட்டுல ஒரு பட்டை போதும்.

வேலை செய்ற இடத்துல கைகொடுக்கிற ரெண்டு வழி சொல்றேன். ஒண்ணு, படத்துல கோணத்தைக் குறிக்கிற வளைவுக் கோடு எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருந்தா இன்க்லூடட். ஒரு தகட்டோட நீட்சியில இருந்து அடுத்த தகட்டுக்கு வந்தா பென்ட். ரெண்டு, அப்பவும் சந்தேகம்னா, குறைவா மடக்குற பக்கமா முதல் பீஸைப் போடுங்க. குறைவா மடங்கினதை மறுபடி வெச்சு மடக்கிக்கலாம். அதிகமா மடங்கினதைப் பிரிச்சா தழும்பு நிக்கும், சில சமயம் விரிசலே விடும்.

தகட்டோட நீளத்திலும் இதே கோணம்

கோணத்தோட முடியலை. தகட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டணும்னு சொல்றதும் வெளிக்கோணம்தான். மடக்கும்போது தகட்டோட வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நசுங்கும். நடுவுல ஒரு அடுக்கு மட்டும் நீளம் மாறாம இருக்கும். மடிப்புக்குத் தேவையான நீளத்தை அந்த அடுக்கை வெச்சுத்தான் கணக்குப் போடுவாங்க.

ஒரு உதாரணம். தகடு 2 மில்லிமீட்டர் தடிமன், உள் ஆரம் 3. நீளம் மாறாத அடுக்கு உள்பக்கத்துல இருந்து 0.8 மில்லிமீட்டர்ல இருக்குன்னு எடுத்துக்குவோம். அப்போ அந்த அடுக்கோட ஆரம் 3.8. 60 டிகிரி மடிப்புன்னா, அந்த ஆரமுள்ள வட்டத்தோட சுற்றளவுல ஆறுல ஒரு பங்கு. 3.98 மில்லிமீட்டர். 120 டிகிரின்னா 7.96. கோணத்தைக் குழப்பிக்கிட்டா ஒரு மடிப்புக்கே கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் வித்தியாசம். நாலு மடிப்பு இருந்தா 16. போல்ட் ஓட்டை எங்கேயோ போய் நிக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. அதே தகட்டை மடக்கி, ரெண்டு ஓரமும் நேர்ப் பக்கத்துல சேர்ற மாதிரி ஒரு மூடின குழாய் பண்றோம். ஆறு பக்கக் குழாய்னா ஆறு மடிப்பு, ஒவ்வொண்ணும் 3.98. மொத்தம் 23.88. சதுரக் குழாய்னா நாலு மடிப்பு, ஒவ்வொண்ணும் 5.97. மொத்தம் 23.88. முக்கோணக் குழாய்னா மூணு மடிப்பு, ஒவ்வொண்ணும் 7.96. அதுவும் 23.88. எத்தனை பக்கம் வெச்சாலும் மடிப்புகளுக்குப் போற நீளம் ஒண்ணுதான். ஏன்னா திருப்பம் மொத்தம் எப்பவும் 360. மடிப்பு எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டினா ஒரு முழு வட்டம் கிடைச்சிடும்.

உள்ளே குழிஞ்ச மூலை இருந்தா?

இங்கே ஒரு கேள்வி நியாயமா வரும். எல்லா உருவமும் வெளியே புடைச்சே இருக்காதே. ஆங்கில எல் எழுத்து மாதிரி ஒரு தகடு வெட்டினா, அதுக்கு ஒரு மூலை உள்ளே குழிஞ்சு இருக்குமே?

அதோட ஓரமா வலது பக்கம் திரும்பித் திரும்பி நடந்து பாருங்க. ஆறு மூலை. அஞ்சுல வலது பக்கம் 90 திரும்புவீங்க. குழிஞ்ச மூலையில மட்டும் இடது பக்கம் 90. வலது திருப்பம் கூட்டல், இடது திருப்பம் கழித்தல்னு வெச்சா, 450-ல 90 போக 360. விதி உடையலை. குறியை மட்டும் கவனிச்சா போதும். திருப்பம்னு யோசிக்கிறதோட லாபம் இதுதான். "வெளியே" என்கிற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, இந்தக் குழிஞ்ச மூலையில எது வெளின்னு தடுமாறுவோம்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்

இதே கணக்கை இப்போ ரோட்டுக்குக் கொண்டு போவோம். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி இருங்காட்டுக்கோட்டையில, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் டிராக் இருக்கு. 1990-ல திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். சிலது வலது, சிலது இடது. ஒரு முழு லேப் முடிச்சு, கிளம்பின கோட்டுக்கே வந்தா, வலதையும் இடதையும் கழிச்சு மிஞ்சுறது 360.

இப்போ கேள்வி. ஒரு காரோட இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுல 1.5 மீட்டர் இடைவெளின்னு வெச்சுக்கோங்க. தரை சமமா இருக்கு, சக்கரம் வழுக்கலை. ஒரு லேப்ல வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட எவ்வளவு தூரம் அதிகமா ஓடும்?

12 திருப்பத்தையும் ஒவ்வொண்ணா அளக்கணும்னு தோணும். தேவையே இல்லை. நேர் ரோட்டுல ரெண்டு சக்கரமும் சமமா ஓடும். வித்தியாசம் திருப்பத்துல மட்டும்தான் வரும், அதுவும் எவ்வளவு திரும்பினோமோ அந்த அளவுக்கு மட்டும். வலது திருப்பத்துல சேர்ற வித்தியாசம் இடது திருப்பத்துல கழிஞ்சிடும். கடைசியில மிஞ்சுறது ஒரு முழுச் சுத்துக்கான வித்தியாசம். 1.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தோட சுற்றளவு. 9.42 மீட்டர்.

கிரேட்டர் நொய்டாவுல இருக்கிற புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர். அங்கேயும் அதே காருக்கு அதே 9.42. உங்க அபார்ட்மென்ட்டை ஒரு ரவுண்டு சுத்தினாலும் அதே 9.42. தகட்டுக் குழாய்ல பார்த்த அதே கணக்குதான், மில்லிமீட்டர் போய் மீட்டர் வந்திருக்கு. ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த முடியணும்னுதான் பெரும்பாலான கார்கள்ல டிஃபரன்ஷியல் வெச்சிருக்காங்க.

விதிவிலக்கு மாதிரித் தெரியுற ஒண்ணையும் சொல்லிடறேன். ஜப்பான்ல இருக்கிற சுசூகா சர்க்யூட் 8 வடிவம். ஒரு இடத்துல பாலம் போட்டு டிராக் தன்னையே தாண்டிப் போகுது. 8-ல ஒரு வளையம் வலது பக்கமா ஒரு சுத்து, இன்னொரு வளையம் இடது பக்கமா ஒரு சுத்து. கூட்டினா பூஜ்யம். அங்கே ஒரு லேப் முடிவுல ரெண்டு பக்கச் சக்கரமும் ஓடின தூரம் ஒண்ணாத்தான் இருக்கும்.

கோடு தன்னையே வெட்டிக்காத வரைக்கும் 360 என்கிற விதி உறுதி. இது புரோகிராம் எழுதுறவங்களுக்கும் உபயோகமான விஷயம். மேப்ல ஒரு நிலத்தோட எல்லையைப் புள்ளி புள்ளியா வாங்குறீங்கன்னா, எல்லாத் திருப்பத்தையும் குறியோட கூட்டிப் பாருங்க. பிளஸ் 360 வந்தா ஒரு சுத்துத் திசை, மைனஸ் 360 வந்தா எதிர்த் திசை. பூஜ்யமோ 720-ஓ வந்தா, எங்கேயோ எல்லைக்கோடு தன்னையே வெட்டுது, புள்ளிகளோட வரிசை தப்புன்னு அர்த்தம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

வீட்டுல குழந்தைங்க இருந்தா, தரையில சாக்பீஸால ஏதாவது ஒரு பலகோணம் வரைஞ்சு அது மேல நடக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு மூலையிலும் "எவ்வளவு திரும்பினே?"ன்னு கேளுங்க. கோணமானியை அப்புறம் எடுத்துக்கலாம். வேலை செய்ற இடத்துல இருந்தா, டிராயிங்ல கோணம்னு ஒரு எண்ணைப் பார்த்ததும் முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: இது திரும்பின அளவா, திரும்பின பிறகு உள்ளே மிஞ்சினதா? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். கேட்கிறவனுக்குக் கணக்குத் தெரியலைன்னு அர்த்தம் இல்லை. எந்த இடத்துல தப்பு நடக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். சூப்பர்வைசர்கள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். உங்க வேலையில இப்படி ஒரு எண் உங்களைக் குழப்பியிருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.